நாடா நின்ற இடம்

1

வியாழக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். அது பேர்கன் நேரம். அப்புத்தளையில் அப்போது பிற்பகல் மூன்றாகப் பத்து நிமிடம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி அதிர்ந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். மகள் தாரிணி, வழக்கம்போல் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள்.

"அம்மா, பெரிய மழை. கரண்ட் இல்ல. லயத்துக்குப் பின்னால மண் சரியுதாம். எல்லாரும் மேக்கணக்குக்குப் போறோம். பயப்படாத."

தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவைத்தான் எங்கள் பக்கம் மேக்கணக்கு என்போம். நோர்வேயில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொல் பத்து நாளில் எப்படி வாயில் ஏறியது என்று ஒரு கணம் சந்தோஷம்கூடப் பட்டேன். பிறகுதான் மற்ற வரிகள் மண்டைக்குள் போயின. "யாரோட போற?" என்று கேட்டு எழுதினேன். ஒரு சரி அடையாளம் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. மாலைவரை விழவில்லை. மறுநாளும் விழவில்லை.

இதை எழுதும்போது எல்லாம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை, மழைக் காலத்தில், ஒரு ட்ரம்ஸ்காரரைத் தேடித் தனியாகப் போகவிட்டதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க நான் இதை எழுதவில்லை. அவள் நாளைக்கே திரும்பப் போகிறேன் என்றாலும் பெட்டியை நானே இறக்கிக் கொடுப்பேன். நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் ஒருவர் மட்டும்தான். அவர் பெயர் மணிவேல். அவரைத் தேடித்தான் தாரிணி போனாள்.

2

பதுளையில் இருந்த காலத்தில் நான் ஒரு வாரப் பத்திரிகைக்குப் பிரதேச நிருபர். மரண அறிவித்தல், பாடசாலை விளையாட்டுப் போட்டி, மண் சரிவு, மாரியம்மன் திருவிழா, இவ்வளவுதான் வேலை. இளைஞர் பக்கம் ஒன்று தொடங்கியபோது கொழும்பிலிருந்த ஆசிரியர், உங்கள் பக்கம் கிட்டாரை வைத்துக்கொண்டு கத்தும் பையன்கள் இருக்கிறார்களாமே, போய்க் கேட்டு எழுதுங்கள் என்றார். வேறு யாரும் போகமாட்டேன் என்றதால் எனக்கு வந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு கையில் குடை, தோளில் செங்கல் கனத்துக்கு டேப் ரெக்கோடர். கொழும்பிலிருந்து வந்த பாடகர் ஒருவர் என்னைக் கண்டதும் என் குறிப்புப் புத்தகத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார். ரசிகை என்று நினைத்துவிட்டார். அந்தத் தாளைக் கிழித்து அவரிடமே கொடுத்து, இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பதில்தான் வேண்டும் என்றேன். எல்ல என்ற ஊரில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார கிட்டார்காரர் கசெட்டின் இரண்டு பக்கத்தையும் தன் வயிற்றுப்போக்கின் கதையால் நிரப்பினார். பதுளை மைதானத்தில் மழைக்கு மேடை சரிந்த அன்று, ஒரு பேஸ் கிட்டார்காரரைத் தார்ப்பாய்ப் படங்குக்கு அடியில் குந்தியிருந்து பேட்டி கண்டேன். இரண்டு பேரும் நடுங்கியதில் அந்தக் கசெட்டில் பாதி பல் அடிக்கும் சத்தம்.

படம் எடுக்க என்னோடு வருபவர் சுனில் அண்ணன். பதுளையில் ஸ்டூடியோ வைத்திருந்த சிங்களவர். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார், ஆனால் தங்கச்சி என்று கூப்பிடமாட்டார், நங்கி என்றுதான் வாயில் வரும். "நங்கி, நீ கேக்கிற கேள்விக்கு அவன் கிட்டார உடைக்கப் போறான். அதுக்கு முந்தி நான் படத்த எடுத்துக்கிறேன், இரு" என்பார்.

கொழுந்து கிள்ளுபவளின் மகளுக்கு ரொக் எதற்கு என்று அன்றே கேட்டார்கள். கொழுந்து கிள்ளுபவளின் மகளுக்கு எது எது ஆகும் என்ற பட்டியலை யார் எழுதினார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

3

வியாழன் மதியம் நோர்வே வெளிவிவகார அமைச்சின் அவசர உதவி எண்ணுக்குப் பேசினேன். ஒரு இளைஞன், நல்ல பிள்ளை, மரியாதையான குரல். மகளின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கவலைப்படாதீர்கள், பயணப் பதிவில் எல்ல விருந்தினர் விடுதி என்று இருக்கிறது, அங்கே பெரிய பாதிப்பு இல்லை என்றான்.

அவள் அங்கே இரண்டு நாள்தான் இருந்தாள், இப்போது தோட்டத்தில் இருக்கிறாள் என்றேன். முகவரி கேட்டான். ஏழாம் நம்பர் லயம், மூன்றாவது காம்பரா என்றேன். தெருவின் பெயர்? தெரு இல்லை. வீட்டு எண்? ஒரே நீளக் கூரைக்கு அடியில் பத்து வீடு, அதில் மூன்றாவது. வரைபடத்தில் வீதி எதுவும் காட்டவில்லையே என்றான். தலைமுறை தலைமுறையாக அங்கே ஆட்கள் பிறந்து செத்திருக்கிறார்கள், வீதிக்குப் பெயர் வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை என்றேன். எங்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் தோட்டத்து ஒபிஸுக்கு வந்து, அவர்கள் கொடுக்க நினைத்த நாளில்தான் கைக்கு வந்தன. இதை நோர்வேஜிய மொழியில் எப்படி விளக்குவது?

இருபத்து மூன்று வருடம் பேசிய மொழி அன்று என் காலை வாரிவிட்டது. மண் சரிவுக்கு அவர்கள் சொல்லும் சின்னச் சொல், இந்த மலை நகரத்தில் குளிர்காலம் முழுக்க வானொலியில் கேட்கும் சொல், நாக்கில் வரவே இல்லை. "மலை கீழே வந்துவிட்டது" என்றேன். அவன் மிக மெதுவாக, நீங்கள் இப்போது வீட்டில் தனியாகவா இருக்கிறீர்கள் என்று கேட்டான். என்னைச் சுகமில்லாதவள் என்று நினைத்துவிட்டான். பாவம், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் படிவத்தின் மேல்தான் கோபம். காம்பரா என்று எழுத அதில் கட்டம் இல்லை.

மாலைக்குள் செய்தி பரவி, இங்குள்ள தமிழர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். நல்லெண்ணத்தோடுதான். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், என் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடம் சொல்லிக் கொடுத்தவர், அழுதுகொண்டே பேசினார். அழுகைக்கு நடுவே கேட்டார்: "பொம்பிளைப் பிள்ளையைத் தனிய, அதுவும் தோட்டக்காட்டுப் பக்கம் ஏன் விட்டனீங்கள்?"

"நான் அந்தத் தோட்டக்காட்டுப் பக்கம்தான் அக்கா" என்றேன்.

மறுமுனையில் அழுகை நின்றது. பதுளை என்றால் டவுன் என்றும், என் அப்பா ஏதோ அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் என்றும் இத்தனை வருடம் நினைத்திருக்கிறார். நானும் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டது என் வெட்கம். அந்த ஒரு நிமிடத்தில் அதைக் கழற்றிப் போட்டேன், மிச்சம் வைக்கவில்லை.

என் கணவர் பஸ் ஓட்டிவிட்டு வந்து, உடுப்பு மாற்றாமல் கதிரையில் உட்கார்ந்தார். நான் எடுத்து வைத்திருந்த விமான டிக்கெட்டைப் பார்த்தார். "நீ போ. கேள்வி கேக்கத் தெரிஞ்ச ஆளு நீதானே" என்றார்.

4

நான் கேட்ட ஒரு கேள்விதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மணிவேல் வாசித்த குழுவுக்கு லைன் நைன் என்று பெயர். கிட்டாரும் பாட்டும் பண்டாரவளைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ட்ரம்ஸ் மட்டும் அப்புத்தளைப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்தவர். டவுனில் அவரை மணி என்று தெரியும், தோட்டம் என்று தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அவர் அடித்த ஒரு அடி எனக்குத் தூக்கம் கெடுத்தது. ரொக் போல் தொடங்கும், நடுவில் எங்கோ நொண்டும், நொண்டிய இடத்திலிருந்து பாய்ந்து வரும். எனக்குத் தெரிந்த அடி, ஆனால் எங்கே கேட்டேன் என்று பிடிபடவில்லை.

அப்புத்தளை ஸ்டேஷன் பக்கத்து தேத்தண்ணிக் கடையில் பேட்டி. மேசையில் விரலால் அடித்துக் காட்டினார். பிறகு நான், கொழும்புப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தபடி, குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். அப்பா என்ன செய்கிறார்?

வேறு ஊரில் இது சாதாரணக் கேள்வி. எங்கள் மலையில் அப்படி இல்லை. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், நீ என்ன ஆள் என்று கேட்பதாக அர்த்தம். நான் அங்கே பிறந்தவள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டு நான் குறுகியதில்லை, அதனால் உறைக்கவில்லை.

அவர் கையை நீட்டி ரெக்கோடரை நிறுத்தினார். பிறகு சொன்னார். விடியற்காலையில் ஆட்களை பெரட்டுக்கு, அதாவது வேலைப் பிரிப்புக்கு, எழுப்ப தோட்டத்தில் தப்பு அடிப்பது அவருடைய அப்பா. சாவுக்கு அடிப்பதும் அவர்தான். அந்த அடியைத்தான் இவர் ட்ரம்ஸில் போட்டிருந்தார். நான் குழந்தையாக இருந்தபோது ஒவ்வொரு விடியலும் கேட்டு எழுந்த அடி. சொல்லிவிட்டு ரெக்கோடரைத் திரும்ப அமுக்கினார். நாடா ஓடியது. வேறு பேசினோம்.

அதை எழுதாதீங்க என்று அவர் வாயால் சொல்லவில்லை. அதையே நான் சாட்டாக எடுத்துக்கொண்டேன். கை நீட்டி நிறுத்தியதைவிட வேறெப்படிச் சொல்ல வேண்டும்? பெருமையில் எழுதினேன். எங்கள் தோட்டத்து அடி மேடைக்கு வந்துவிட்டது என்ற பெருமை. பெரட்டுத் தப்படிப்பவரின் மகன் என்று தலைப்பிலேயே போட்டார்கள்.

அடுத்த ஒத்திகையில், பண்டாரவளை வீட்டில், மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. அவருக்கு மட்டும் பிளாஸ்டிக் கோப்பை. அதற்கடுத்த ஒத்திகைக்கு அவரைக் கூப்பிடவில்லை. இரண்டு மாதத்தில் குழுவே இல்லை. சுனில் அண்ணன்தான் வந்து சொன்னார், அன்று மட்டும் கேலி இல்லாமல்.

பிறகு ஒருநாள் பதுளை பஸ் ஸ்டாண்டில் மணிவேல் எதிரே வந்தார். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "நீங்க எழுதினது பொய் இல்லங்க. அதான் பிரச்சின" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார்.

அதோடு நான் பேட்டி எடுப்பதை விட்டேன். கல்யாணமாகி இங்கே வந்தேன். கசெட்டுகள் மட்டும் கூடவே வந்தன.

5

தாரிணி பதினாலு வயதில் ட்ரம்ஸ் பிடித்தாள். தமிழில் கேட்டால் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லும் வயது. அறைக் கதவு சாத்தியிருக்கும், உள்ளே தாளம். பரதநாட்டிய வகுப்பில் விட்டேன், மூன்று மாதத்தில் வெளியே வந்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் பேச எதுவுமே இல்லாத வருடங்கள் இருந்தன. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

போன குளிர்காலத்தில் அவள் அந்தக் கசெட்டுகளைக் கணினிக்கு மாற்ற எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வாரம் கழித்து, அடுப்படியில் நின்ற என் காதில் ஹெட்போனை மாட்டினாள். மேசையில் விரல் அடிக்கும் சத்தம். தேத்தண்ணிக் கோப்பைகள். என் குரல், இருபத்தைந்து வருடம் இளைய குரல், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்கிறது. பிறகு ஒரு டக். நாடா நிற்கிறது, உடனே வேறு பேச்சு.

"இங்க என்னம்மா நடந்திச்சு?"

பேட்டரி போய்விட்டது என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பேட்டரி இறங்கினால் குரல் இழுபடும், இப்படி வெட்டாது என்றாள். நான் வெங்காயம் நறுக்கினேன். அவள் மூன்று முறை கேட்டாள், வேறு வேறு நாளில். மூன்று முறையும் நான் வேறு வேறு காரணம் சொன்னேன். மற்றவர்களை வாய் திறக்க வைத்துப் பிழைத்தவள், பெற்ற பிள்ளைக்கு ஒரு பதில் சொல்லவில்லை. கடைசியில் அவள், அப்ப நான் அவரையே கேக்கிறேன் என்று டிக்கெட் எடுத்துவிட்டாள்.

ஆக, அவளை அந்த மழைக்குள் அனுப்பியது ரொக் இல்லை, இந்த நாட்டு வளர்ப்பு இல்லை, பொம்பிளைப் பிள்ளைக்குக் கொடுத்த சுதந்திரம் இல்லை. அதையெல்லாம் குற்றம் சொல்பவர்கள் என் வாசலுக்கு வர வேண்டாம். என் மௌனம் அனுப்பியது.

அங்கே போய் எல்லவில் இரண்டு நாள் இருந்து விசாரித்து, அவரைக் கண்டுபிடித்து, அவருடைய தங்கச்சி குடும்பம் இருந்த காம்பராவிலேயே தங்கிவிட்டாள். நல்லா பேசுறாரும்மா என்று மட்டும் எழுதினாள். என்ன பேசினார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

6

நான் விமானம் மாறும் இடத்தில் இருந்தபோது சுனில் அண்ணனின் அழைப்பு வந்தது. எழுபது வயதில் மோட்டார் சைக்கிளில் பண்டாரவளை வழியாக அப்புத்தளைவரை போயிருக்கிறார். ஏழாம் லயத்தில் பாதி மண்ணுக்குள் என்றார். மேக்கணக்குப் பள்ளிக்கூடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், கதவில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். அதில் தாரிணி இல்லை. மணிவேலும் இல்லை.

அவர் உடனே சொன்னார்: "நங்கி, கேளு. லிஸ்ட்ட தோட்டத்துப் பதிவ பாத்துத்தான் எழுதியிருக்காங்க. வேல செய்றவங்க பேரு, அவங்க பிள்ளைங்க பேரு. மணி வெளியில லொறி ஓட்டுறவன். உன் மக விருந்தாளி. இவங்க ரெண்டு பேரும் உயிரோட முன்னால நின்னாலும் அந்த லிஸ்ட்ல வரமாட்டாங்க."

அதைப் பிடித்துக்கொண்டு மீதி ஆகாயத்தைக் கடந்தேன். பிறகு அவர் தொலைபேசியும் செத்துவிட்டது.

சனிக்கிழமை பிற்பகல் வேன் பெரகல சந்தியோடு நின்றது. மேலே போகும் ரோட்டில் மண். பொலிஸார் விடவில்லை. கால்நடையாகப் போகிறேன் என்றேன், ஊர்க்காரர்கள் தவிர யாரும் முடியாது என்றார்கள். நானும் ஊர்க்காரிதான் என்றேன். என் காலணியைப் பார்த்தார்கள்.

சந்தியில் ரொட்டிக் கடை வைத்திருந்த அம்மா உட்கார இடம் தந்தார். நான் சும்மா உட்காரவில்லை. குறிப்புப் புத்தகத்தின் தாள்களைக் கிழித்து, தாரிணியின் அம்மா பெரகல ரொட்டிக் கடையில் இருக்கிறேன் என்று எழுதி, மேலே நடந்து போகும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். அரிசி மூட்டை சுமந்தவர்கள், ரப்பர் செருப்போடு போன பொம்பிளைகள், ஒரு சாமியார். எல்லாரும் வாங்கினார்கள். ஒருவரும் முகவரி கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணி இருக்கும். மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு ஆள் தனியாக இறங்கி வந்தார். முழங்காலுக்கு மேல் சேறு. தலை முழுக்க நரை. கையில் என் தாள். எனக்கு அவரைத் தெரிந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

"வருது" என்றார் மணிவேல். "கால் பெரண்டிருச்சி. ரெண்டு பேரு புடிச்சிக் கூட்டிட்டு வாரானுக. இன்னும் அர மணித்தியாலம் ஆகும்."

அழவில்லை என்று எழுத ஆசைதான். ரோட்டில் உட்கார்ந்து அழுதேன். கடைக்கார அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து, ஒன்றை எனக்கும் ஒன்றை அவருக்கும் தந்தார். நான் முடிக்கும்வரை அவர் பெஞ்சில் காத்திருந்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். எல்லாரும் மேலே போன பிறகு, லயத்தின் கடைசிக் காம்பராவில் எழும்பி நடக்கமுடியாத ஒரு பொம்பிளை இருப்பது தாரிணிக்கு ஞாபகம் வந்திருக்கிறது. இரண்டு பேருமாகத் திரும்பிப் போய்த் தூக்கியிருக்கிறார்கள். பாதை அவர்களுக்குப் பின்னாலேயே இறங்கிவிட்டது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், மற்றப் பக்கத்தில், இரண்டு நாள். அந்தப் பொம்பிளையும் உயிரோடு இருக்கிறார்.

நான் எழுந்து, "அண்ணே, அன்னைக்கு நான்" என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது வேணாங்க. பிள்ள வாரதுக்கு முந்தி உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்னுதான் வேகமா எறங்கி வந்தேன். எங்கப்பா என்ன செய்றாருன்னு கேட்டீங்க, சொன்னேன், எழுதினீங்க. அவரு பேரு என்னான்னு ஏன் கேக்கல?"

நான் குறிப்புப் புத்தகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"உங்க மக வந்து மொத மொதல்ல அதத்தான் கேட்டுச்சி" என்றார். பிறகு என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்து, "மாயாண்டி. எழுதிக்கிங்க" என்றார்.